சகாதேவனுக்கு ஞாபகம் இருக்கும்

பாஞ்சாலை தன் புருஷனுக்குக் கருமாதி நடத்த விடவில்லை. அதற்கு அவள் சொன்ன காரணம் ஒரு பழைய தொடர்கதையிலிருந்து வந்தது.

மரக்காணம் உப்பளத்தில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. எட்டாவது வரை படித்தவள். அந்தப் பக்கம் பாத்தியில் இறங்குகிற பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விடிவதற்கு முன்னால் தொடங்குகிற வேலை, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகு லாரி வரும்வரை கீற்றுக் கொட்டகையில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் பாஞ்சாலை புத்தகத்தைப் பிரிப்பாள். கால் வெடிப்புகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மற்றவர்கள் கேட்பார்கள். நான் சங்க வேலையாக அங்கே போகிறவன். கூலியைப் பற்றியும், குடிக்க நல்ல தண்ணீர் கேட்டு மனு கொடுப்பதைப் பற்றியும் பேச ஆரம்பித்தால், பாதியில் அவள் குரல் குறுக்கே வரும்.

"தோழரே, நீங்க சொல்றது நாளைக்கும் அப்படியேதான் இருக்கப் போவுது. ராணி கதை அந்தரத்துல நிக்குது. செத்த நேரம் குந்துங்க."

நானும் உட்கார்ந்துவிடுவேன். புத்தகம் என்றால் எனக்கும் பலவீனம்.

அது புத்தகக் கடையில் வாங்கியது இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த 'எயில்மாதேவி' என்ற சரித்திரக் கதை. யாரோ வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வேலைதான் அது. ஒரு பக்கத்தில் இளவரசி மூர்ச்சையாகி விழுவாள். திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். பெண்கள் அதையும் விடாமல் படிக்கச் சொல்வார்கள். முதல் பக்கம் கிழிந்து போனதால் எழுதியவர் பெயர் தெரியாது. கூனிமேட்டில் பழைய பேப்பர் வாங்குகிற பாய் கடையில் கிடந்ததை, உப்பு லோடு ஏற்றிப் போன அவள் புருஷன் சகாதேவன் வாங்கி வந்திருந்தான்.

"இன்னாடா வாங்கியாந்திருக்கான்னு பாத்தா பேப்பரு," என்று அவள் அலுத்துக்கொண்டாளாம்.

"பேப்பரு இல்லடி, ராணி. பாய் தராசுல வெச்சி நிறுத்துதான் குடுத்தாரு. ராணி முக்கா கிலோ," என்றானாம் அவன்.

சகாதேவனுக்குப் படிக்கத் தெரியாது. கேட்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மூட்டை தூக்குகிற ஆண்கள் தனியாகச் சீட்டு விளையாடுகிற நேரத்தில், அவன் மட்டும் பெண்கள் கொட்டகையின் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்பான். "அந்தக் கப்பலு ஒடையற எடத்த இன்னொரு தபா படி," என்பான்.

கதை நடப்பது எங்கள் ஊரிலேயே. பழைய காலத்தில் இது எயிற்பட்டினம் என்ற துறைமுகமாக இருந்ததாகச் சொல்வார்கள். அதை வைத்து எழுதியிருந்தார் அந்த ஆசிரியர். இளவரசி எயில்மாதேவிக்கும் மரக்கலத் தலைவன் நன்மாறனுக்கும் காதல். நன்மாறன் கடலில் மூழ்கிப் போகிறான். உடல் கிடைக்கவில்லை. நீர்க்கடன் கழிக்கப் பெரியவர்கள் கூடும்போது கரையில் ஒரு துறவி வந்து இளவரசியிடம் சொல்கிறார்: நீர்க்கடன் பெற்ற உயிர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அடுத்த பிறவிக்குப் போகும், பெறாத உயிர் எதையும் மறக்காது. இளவரசி கடன் கழிக்க விடாமல் தடுத்துவிடுகிறாள். இரண்டாம் பாகத்தில் முந்நூறு வருஷம் கழிந்துவிடுகிறது. சோழர் படையோடு போகிற ஒரு வீரன், எங்கள் கடற்கரையில் குதிரையை நிறுத்துகிறான். இந்த மண் எனக்குத் தெரியும் என்கிறான். மறுபடி பிறந்து அவனுக்காக நிற்கிற இளவரசியைப் பாதத்தில் இருக்கும் சங்கு ரேகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான்.

எனக்கு இந்த வகைக் கதைகளைப் பிடிக்கும், அவற்றின் மேல் ஆத்திரமும் உண்டு. முதல் பாகத்தில் செத்த நாயகனை இரண்டாம் பாகத்தில் எழுப்பிக் கொண்டுவர மறுபிறவியைப் போல வசதியான வழி எதுவும் கிடையாது. வாசகர்களும் வாராவாரம் காசு கொடுப்பார்கள். அது தொழில், போகட்டும். ஆனால் இந்தக் கதைகளில் மறுபிறவி எடுக்கிற முறையைப் பாருங்கள். அரசன் அரசனாகவே பிறக்கிறான். இளவரசி அரண்மனையிலேயே பிறக்கிறாள். அவளுக்கு விசிறி வீசிய பெண் முந்நூறு வருஷம் கழித்தும் விசிறியோடுதான் வருகிறாள். சாவுகூட அந்த வரிசையைக் கலைப்பதில்லை. போன பிறவியில் செய்த பாவம் என்று சொல்லித்தான் இந்த நாட்டில் கோடிக்கணக்கான பேரைச் சேற்றில் நிறுத்தி வைத்தார்கள். அதே சரக்கைப் பட்டுத்துணியில் சுற்றிக் காதல் என்று விற்றால் வாங்கிக்கொள்கிறோம். எயில்மாதேவியில் எங்கள் தொழிலுக்குக் கிடைத்தது ஒரே வரி: தூரத்தில் உப்பளங்கள் பளிங்கெனப் பளபளத்தன. அந்தப் பளிங்கை வாரியது யார் என்று ஆசிரியருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பாஞ்சாலைக்கும் இது உறுத்தாமல் இல்லை. ஒரு நாள் படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏன் தோழரே, தோழிக்கு மறு ஜென்மத்துலயும் தோழி வேலதானா? ஒரு தபாவாச்சும் அவள குந்த வெச்சி இவ விசிறக் கூடாதா?"

"இங்க மட்டும் இன்னா வாழுது," என்றாள் அஞ்சம்மாள். "சங்கு ரேகையாம். நம்ம கால்ல ரேகை எங்க கீது? உப்பு துன்னுட்டு ஏப்பம் வுட்டுடுச்சு."

அன்றைக்குக் கொட்டகையில் ஒரு விளையாட்டு நடந்தது. போன ஜென்மத்தில் யார் என்னவாக இருந்தார்கள் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். ஒருத்தி பல்லக்கில் போனாள். ஒருத்தி மந்திரியின் இரண்டாம் தாரமாக இருந்தாள். அஞ்சம்மாள் பட்டத்து யானையாக இருந்தேன் என்றாள். "கரும்பா துன்னுகினு நின்ன எடத்துல நிப்பேன். ஒருத்தன் வேலை சொல்லுவானா?"

"நீ இன்னாப்பா?" என்று கம்பத்தில் சாய்ந்திருந்த சகாதேவனைக் கேட்டார்கள்.

"நான் மிதிப்புலதான் இருந்திருப்பேன். இவகூட."

"அட, அங்கயும் வந்து சேத்த மிதிக்கப் போறியா? ராஜாவா இருந்தா வேணான்னா சொல்றாங்க?"

"ராஜான்னா இவள எவன் அரமனைக்குள்ள வுடுவான்?" என்றான் அவன்.

பாஞ்சாலை புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பெண்கள் ஒரு வாரம் அவளைக் கேலி செய்தார்கள்.

மிதிப்பு என்பது எங்கள் தொழிலில் முதல் வேலை. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்பு சேறு கலக்காமல் வெள்ளையாக விளையும். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக இறங்கி, பக்கத்தில் பக்கத்தில் அடி வைத்துப் போவார்கள். சகாதேவனின் இடது கால் சுண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஈரத்தில் அவன் கால் பட்ட தடத்தை எத்தனை பேர் தடத்துக்கு நடுவிலும் சொல்லிவிடலாம் என்பாள் பாஞ்சாலை.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பாத்தியில் வேலை இல்லாத காலம். "குப்பத்துல எறா வந்திருக்குமாம். வாங்கியாறேன், மசாலா அரைச்சி வை," என்று சொல்லிவிட்டு சகாதேவன் சைக்கிளில் கடற்கரைக் குப்பத்துக்குப் போனான். அவள் அரைத்துக்கொண்டிருக்கும்போது ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். சைக்கிள் ஒரு வாரம் கழித்து முள்காட்டில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

சர்க்கார் காகிதத்தில் அவன் இறந்துவிட்டான். ஊர்க் கணக்கிலும் இறந்துவிட்டான். பதினாறாம் நாள் வைக்கோலில் உருவம் கட்டிக் காரியம் செய்துவிடலாம் என்று அவன் தம்பி தேவநாதன் ஏற்பாடு செய்தபோதுதான், பாஞ்சாலை கூடாது என்றாள். முதலில் எல்லோரும், அவன் உயிரோடு வருவான் என்று நினைக்கிறாள், பாவம் என்றார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. என்னிடம் தெளிவாகவே சொன்னாள்.

"செத்துட்டாரு தோழரே. அது எனக்குத் தெரியாதா? கடன் கழிச்சா என்னை மறந்துடுவாரு. கழிக்கலன்னா எங்க பொறந்தாலும் ஞாபகம் இருக்கும். தேடிகினு வருவாரு."

"பாஞ்சாலை, அது ஒருத்தர் சம்பளத்துக்கு எழுதின கதை. அந்தத் துறவியும் இல்ல, அந்தச் சட்டமும் இல்ல. எந்தச் சாஸ்திரத்திலகூட அப்படி எழுதலை. பத்திரிகைக்காரர் அந்த வாரத்துக்குக் கதை நகரணும்னு எழுதினது."

"சாஸ்திரம் மட்டும் யாரு எழுதினது? அதுவும் ஒரு ஆளு எழுதினதுதானேன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

என் ஆயுதத்தை எடுத்து என் மேலேயே வீசினாள். "செத்தவனுக்கு ஞாபகம் கிடையாது," என்றேன். "மூளை நின்ன நிமிஷமே எல்லாம் முடிஞ்சுது. உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. அவன் எங்கயும் இல்லை."

அவள் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. "இத இன்னொரு தபா சொல்லாதீங்க," என்றாள். பிறகு பல மாதம் சங்கக் கூட்டத்துக்கு வரவில்லை.

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஊர் அவளிடம் கேட்டது வெறும் காரியத்தை அல்ல. நாலு கிழவிகள் சுற்றி உட்கார்ந்து, பூ வைத்து, வளையல் உடைத்து, தாலியை அறுத்து, ஒரு மனுஷியை மூலைக்குத் தள்ளுகிற சடங்கு அது. பெண்டாட்டி செத்தால் ஆணுக்கு இப்படி எதையாவது அறுக்கிறார்களா? பாஞ்சாலை அதை மறுத்தது எனக்குச் சம்மதம். மறுப்பதற்குச் சொன்ன காரணம்தான் சகிக்கவில்லை.

அந்த வருஷம் மிதிப்பு தாமதமாகத்தான் தொடங்கியது. கடல் ஏறி வந்த பாத்திகளைச் சீர் செய்யவே மாதக்கணக்காயிற்று. பாஞ்சாலை தனியாக இறங்கினாள். பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டு அடி வைத்துப் போனாள். அவள் மிதித்த பாத்தியில் ஒரு பட்டை மிதிபடாமல் மெத்தென்று கிடந்தது. மேஸ்திரி கண்ணாயிரம் கத்தினான்.

"ஏம்மா, பாதிதான் மிதிச்சிருக்க. மீதிய எவன் மிதிப்பான்?"

"அது அவரு பக்கம்," என்றாள்.

கண்ணாயிரம் அடுத்த பாத்திக்குப் போய்விட்டான். அஞ்சம்மாளும் மற்றவர்களும் அவள் பார்க்காத நேரத்தில் அந்தப் பட்டையை மிதித்துவிட்டுப் போனார்கள்.

ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் பாஞ்சாலை பார்க்கப் போனாள். ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. துணியை விலக்கி இடது காலைப் பிடித்துப் பார்ப்பாள். சுண்டு விரலைத் தொடுவாள். பிறகு குனிந்து காதில் மெல்ல, "மசாலா அரைச்சிட்டேன்," என்பாள். பச்சைக் குழந்தை கொட்டாவி விடும். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். ஆரம்பத்தில் பெற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். நாளாக ஆக, அவள் தெருவில் வந்தால் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் போனாள். பெருமுக்கல்லில் ஒரு பிள்ளைக்கு விரல் ஏறியிருக்கிறது என்று யாரோ சொல்ல, கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாள். வலது கால் என்று திரும்பி வந்தாள்.

கொட்டகையில் படிப்பு நிற்கவில்லை. ஆனால் இப்போது இரண்டாம் பாகத்தை மட்டுமே படித்தாள். வீரன் குதிரையை நிறுத்துகிற இடம், இந்த மண் எனக்குத் தெரியும் என்கிற இடம். அந்த வரியை முடித்ததும் தலையைத் தூக்கி, கம்பத்தை ஒரு தரம் பார்ப்பாள்.

வருஷம் முடிந்தது. தேவநாதன் மகள் ஜெயப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வீட்டில் ஒரு சாவு காரியம் கழியாமல் நிற்கும்போது நிச்சயத் தாம்பூலம் மாற்ற மாப்பிள்ளை வீட்டார் மறுத்தார்கள். தேவநாதன் கொட்டகைக்கே வந்தான். கெட்டவன் இல்லை, நொந்து போனவன்.

"அண்ணி, எனக்கு மட்டும் அண்ணன் இல்லியா? ஊரு இன்னா பேசுதுன்னு உங்களுக்குத் தெரியாது."

"ஊரு என்னிக்குப் பேசாம இருந்துச்சு தம்பி?"

"உங்களுக்குப் புடிச்ச பொண்ணுதானே ஜெயப்ரியா? அவளுக்காகவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவ கல்யாணத்த நிறுத்தணும்னு எனக்கு ஆசையா? அவரு வந்து நின்னு, நீ யாருன்னு என்னைக் கேட்டா நான் எங்க போவேன்? அதுக்கு ஒரு பதில் சொல்லு."

தேவநாதன் என்னைப் பார்த்தான். என்னிடம் இருந்த பதிலை அவள் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தாள்.

அடுத்த வாரம் ரேணுகா வந்தாள். சகாதேவன் எறா வாங்கப் போன அதே குப்பத்துப் பெண். கருவாடு போட உப்பு வாங்க வருவாள். அலையில் மாமியாரைப் பறிகொடுத்தவள். இடுப்பில் அவள் மகள் இலக்கியா இருந்தாள். நாலு வயது இருக்கும். அலை வந்த அன்று வலையில் சிக்கித் தண்ணீருக்கடியில் கிடந்தவளை, வலையைக் கிழித்து எடுத்தார்களாம்.

"வெயிலா கீது, கொழந்தைக்குத் தண்ணி தரேன்," என்று அஞ்சம்மாள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் சொம்பில் விழுகிற சத்தம் கேட்டதுதான் தாமதம். குழந்தை அலறிக்கொண்டு தாயின் தோளின் மேல் ஏறியது. தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் மேலே, இன்னும் மேலே ஏறப் பார்த்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

ரேணுகா பழகிய கையால் அதன் காதுகளைப் பொத்தினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தண்ணிய அப்பால வையுங்க. ஒரு வருசமா தலைக்கு ஊத்தல. துணிய நனைச்சித் தொடச்சிதான் வுடறேன். மழை பேஞ்சா எங்களுக்குச் சிவராத்திரி. ஆஸ்பத்திரில கேட்டா, மறந்தா சரியாயிடும்னு சொல்றாங்க. எங்க மறக்குது?"

பாஞ்சாலை எழுந்து குழந்தையின் பக்கத்தில் போனாள். அதன் முதுகைத் தடவினாள். சட்டைக்குள் அந்தச் சின்ன உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. ரேணுகா உப்பை வாங்கிக்கொண்டு போய் வெகு நேரமான பிறகும், அவள் அந்தத் திசையையே பார்த்து நின்றாள். அன்றைக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை. லாரி வருகிற சமயத்தில் என்னிடம் வந்தாள்.

"தோழரே. என்னை ஞாபகம் இருந்தா, அவருக்கு அந்தத் தண்ணியும் ஞாபகம் இருக்கும், இல்ல?"

ரேணுகா போன திசையைக் கையால் காட்டினாள்.

"இதுமாதிரி எந்தக் கொழந்தையாவா பொறந்து கத்திகினு இருக்கணும்? நான் ஒருத்தி இங்க நிக்கறேன்றதுக்காக?" பிறகு கேட்டாள்: "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே. அது நெஜந்தானா? அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதா?"

"இருக்காது."

"மூச்சு முட்டினது?"

"அதுவும் இருக்காது."

"நிச்சயமா?"

"நிச்சயமா, பாஞ்சாலை."

நான் வாழ்நாளெல்லாம் மேடை மேடையாக முழங்கிய வார்த்தை அது. ஒருத்தர் அதைக் கையேந்தி என்னிடம் கேட்டு வாங்கியது அந்த ஒரு முறைதான். வாங்கிக்கொண்டாளே தவிர, என் வார்த்தையை மட்டும் நம்பி அவள் விட்டுவிடத் தயாராக இல்லை.

தை அமாவாசைக்குக் காரியம் வைத்துக்கொள்ளலாம் என்று தேவநாதனிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டு நிபந்தனை. கடற்கரை வேண்டாம். கடன் அவளே கழிப்பாள்.

பொம்பளை நீர்க்கடன் கழிப்பதா என்று பெரிய பேச்சு எழுந்தது. தேவநாதன் யோசித்தான். "இத்தினி நாளு வேணான்னவங்க இப்ப சரின்றாங்க. யாரு ஊத்தினா இன்னா? தண்ணி தண்ணிதானே?" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டான். நல்ல மனுஷன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மிதிப்பு நடந்துகொண்டிருந்த காலம். அமாவாசை அன்று காலை, புருஷனும் அவளுமாகக் கடைசியாக மிதித்த பாத்தியின் வரப்பில் உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். உப்புக்கரிக்கிற தண்ணீர் அவன் மேல் இனிமேல் படக்கூடாது என்றாள். மந்திரம் கிடையாது. கை நிறைய எடுத்து வரப்பில் விட்டாள். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற அஞ்சம்மாள் பிறகு என்னிடம் சொன்னாள்: "போ, மறந்துடு, போன்னு சொன்னா தோழரே. பஸ்ஸு ஏத்தி வுடற மாதிரி."

குடம் காலியானதும், காத்திருந்த ஒரு கிழவி மஞ்சள் துணியோடு முன்னால் வந்து அவள் கழுத்துக்குக் கையை நீட்டினாள். பாஞ்சாலை தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அதான் கடன் கழிச்சாச்சே. அப்புறம் இது எதுக்குடி?" என்றாள் கிழவி.

"மறக்கச் சொன்னது அவர. நான் ஏன் மறக்கணும்?"

கிழவி தேவநாதனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினான். அந்தத் தாலி இன்று வரை அவள் கழுத்தில் இருக்கிறது.

கண்ணாயிரம் தூரத்திலிருந்து குரல் கொடுத்தான். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பாத்தி மிதித்தாக வேண்டும். பாஞ்சாலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நாலடி வைத்தாள். பக்கத்தில் எப்போதும் விடுகிற அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"அஞ்சம்மா," என்றாள். "இங்க வா. இந்தப் பக்கம் நீ மிதி."

அஞ்சம்மாள் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒன்றாக அடி வைத்தார்கள்.